சாவடியும் வீடும்: இல்ல வழங்கி குறித்துச் சில எண்ணங்கள்

முன்னுரை

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வேலப்பன்சாவடி, கரையான்சாவடி, குமணன்சாவடி என்னும் ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வழங்குகின்றன. மூன்று பெயர்களின் ஈற்றிலும் நிற்பது 'சாவடி' என்னும் சொல். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் பொது இடத்திற்குச் சாவடி என்று பெயர். சாவடி இல்லாவிடில் நெடும்பயணம் அரிது. ஆயினும் சாவடியில் தங்கியவர் எவரும் அதனைத் தம் வீடென்று கருதியதில்லை. தம் நிலப்பத்திரத்தையும் முன்னோர் ஏட்டையும் அதன் திண்ணையில் வைத்துவிட்டு ஊர் திரும்பியதுமில்லை.

இன்று நாம் அதைத்தான் செய்து கொண்டிருக்கிறோம். குழந்தைகளின் புகைப்படங்கள், மாணவர்தம் ஆய்வேடுகள், முதியோர் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகள், துறைக் கூட்டக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் முன்பின் அறியாத நிறுவனங்களின் கணினிகளில் வைத்துவிட்டு, அவை நம்மிடமே உள்ளன என்று எண்ணி மன அமைதி கொள்கிறோம். இந்நிலையை மாற்ற விரும்பும் சிலர் தம் வீட்டிலேயே ஒரு கணினியை இரவும் பகலும் இயக்கி, தம் கோப்புகளைத் தாமே காத்து வருகின்றனர். அக்கணினியை 'ஹோம் சர்வர்' என்பர். தமிழில் 'இல்ல வழங்கி' எனலாம். அவர்கள் மென்பொருளையும் கணினி விளையாட்டையும் தொழில்நுட்பச் செய்திகளையும் நோக்கும் நோக்கு சற்றே வேறானது. வேலப்பன்சாவடியில் வாழும் நாமும் அவருள் ஒருவர் என்பதால், அந்நோக்கினை விளக்குவதும், அது தமிழ் பயில்வோர்க்கு ஏன் வேண்டும் என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேகம் இருக்கும் இடம்

கோப்புகள் 'மேகத்தில்' உள்ளன என்று சொல்வது இன்று வழக்காகிவிட்டது. மேகக்கணிமை என்னும் கலைச்சொல்லும் நிலைத்துவிட்டது. ஆனால் அம்மேகம் வானத்தில் இல்லை. வேலப்பன்சாவடிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் அம்பத்தூர் உள்ளது. ஒரு காலத்தில் பட்டறைகளாலும் தொழிற்கூடங்களாலும் பெயர் பெற்ற அவ்வூரில் இன்று பல தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஜப்பானிய நிறுவனமான என்டிடியின் மையம் அங்குள்ளது. டிஜிட்டல் கனெக்சன் என்னும் நிறுவனம் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் 20 மெகாவாட் ஆற்றல் கொண்ட மையம் ஒன்றை அங்கே திறந்தது. ஆக, மேகம் என்று நாம் கூறுவது செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டிய கட்டடம். அதற்குள் அடுக்கிய கணினிகள். அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்கள். சுருங்கச் சொன்னால், மேகம் என்பது பிறருடைய கணினி.

பிறருடைய கணினியில் பொருளை வைப்பது தவறன்று. வங்கியில் நகையை வைக்கிறோம் அல்லவா? ஆனால் வங்கிப் பெட்டகத்திற்கு நம் கையில் ஒரு சாவி உண்டு. சட்டத்தின் காப்பும் உண்டு. இலவசக் கணக்கிற்கு இவ்விரண்டும் அவ்வளவு உறுதியாக இல்லை. யாஹூ நிறுவனத்தின் 'ஜியோசிட்டிஸ்' சேவையில் தொடக்க காலத் தமிழ் ஆர்வலர் பலர் தம் எழுத்துகளை வைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. கூகுளின் 'ஆர்குட்' 2014 செப்டம்பரிலும், 'கூகுள் பிளஸ்' 2019 ஏப்ரலிலும் மறைந்தன. கூகுள் புகைப்படச் சேவை அளவின்றி இலவசமாகத் தந்த இடம் 2021 ஜூன் முதல் நாளோடு நின்றது. ஈராண்டுகள் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கும் முறையை அந்நிறுவனம் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. இறந்துபோன தந்தையின் கணக்கை எந்த மகன் ஈராண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பான்?

மூடுவது ஒருபுறம் இருக்க, மேகம் எரிவதும் உண்டு. 2021 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கிரையானது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலிருந்த அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர் தம் பணிக் கோப்புகளைச் சேமித்திருந்த 858 டெராபைட் அளவுள்ள தொகுப்பு அதில் அழிந்தது. அத்தொகுப்பிற்கு வேறிடத்தில் நகல் இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது.

இல்ல வழங்கி என்பது யாது?

'வழங்கி' என்பது 'சர்வர்' என்னும் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் அமைந்த அழகிய பெயர். கேட்போர்க்குக் கேட்டதை வழங்குவதால் வழங்கி. அது தனியொரு சாதி இயந்திரமன்று. எந்தக் கணினியும் அப்பணிக்கு அமர்த்தப்பட்டால் வழங்கி ஆகும். வீட்டு வைஃபையில் இணைந்த கைப்பேசி, "நேற்று எடுத்த படத்தைக் கொடு" என்று கேட்டால், பரணில் இருக்கும் பழைய கணினி தன் வன்தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அவ்வளவே.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்னும் அச்சம் பலர்க்கு உண்டு. அவ்வச்சம் தேவையில்லை. கைவிடப்பட்ட மடிக்கணினி ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். மடிக்கணினியில் ஒரு கூடுதல் நன்மையும் உள்ளது. மின்சாரம் போனாலும் அதன் மின்கலம் சிறிது நேரம் தாங்கும். ஆதலால் எழுதிக் கொண்டிருக்கும் கோப்பு பாதியில் சிதையாது. தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பல, இன்று அலமாரிகளில் தூசு படிந்து கிடக்கின்றன. திரை மங்கினாலும் விசைப்பலகை பழுதுபட்டாலும் அவை வழங்கியாகப் பணியாற்றக் கூடும். ஏனெனில் வழங்கிக்குத் திரை வேண்டுவதில்லை.

மின்செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 15 வாட் இழுக்கும் ஒரு மடிக்கணினி நாள் முழுதும் இயங்கினால் 360 வாட்-மணி ஆகும். முப்பது நாளுக்கு ஏறத்தாழ 11 யூனிட். மின்கட்டணம் கணக்கிடும் இரு திங்களுக்கு 22 யூனிட். வீட்டு மின்விசிறி ஒன்று நாள்தோறும் சில மணி நேரம் சுழல்வதற்கு ஆகும் செலவுதான் இது.

வீட்டு வழங்கியில் மூன்று பணிகள் முதன்மையானவை. முதலாவது கோப்புகளையும் படங்களையும் காத்தல். இதற்கு 'நெக்ஸ்ட்கிளவுடு' போன்ற மென்பொருள்கள் உள்ளன. இரண்டாவது பாடல், உரை, திரைப்படம் ஆகியவற்றை வீட்டாருக்கு வழங்குதல். இதற்கு 'ஜெல்லிஃபின்' உள்ளது. மூன்றாவது, எவரும் நினைவிற் கொள்ளாத ஆயினும் இன்றியமையாத பணி: இவை அனைத்தையும் இரவுதோறும் மற்றொரு வன்தட்டில் நகலெடுத்தல்.

மென்பொருள்: முதல்நூலும் வழிநூலும்

இல்ல வழங்கி வைத்திருப்போர் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளையே நாடுவர். இது ஏன் என்பதைத் தமிழ் இலக்கண மரபைக் கொண்டே விளக்கலாம். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்துகிறது. முதல்நூலைத் தொகுத்தும், விரித்தும், மொழிபெயர்த்தும் வழிநூல் செய்யும் உரிமை பிற்காலப் புலவர்க்கு இருந்தது. அவ்வுரிமை இருந்தமையால்தான் இலக்கண மரபு அறாமல் ஓடிவந்தது. மூலம் எல்லோர்க்கும் படிக்கக் கிடைத்தது. உரை எழுத முடிந்தது. குறை கண்டவிடத்துத் திருத்த முடிந்தது.

மென்பொருளுக்கும் மூலம் உண்டு. அதனை மூலநிரல் என்பர். அதை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து இயங்குதளம் ஆயின. அவற்றைத் தொகுத்து 1993-இல் தோன்றியது 'டெபியன்'. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. டெபியன் முதல்நூல் என்றால் பாஸ் அதன் வழிநூல். மேலே கூறிய அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றிருந்தது என்பதை அவற்றைப் பயன்படுத்திய மாணவரே பலர் கவனித்திருக்க மாட்டார்.

வழிநூல் செய்யும் உரிமை எத்துணைக் காப்பு என்பதற்கு மேலும் ஒரு சான்று காட்டலாம். 'எம்பி' என்னும் ஊடக வழங்கி மென்பொருளின் உரிமையாளர் 2018-இல் தம் மூலநிரலை வெளியிடுவதை நிறுத்திக் கொண்டனர். அதுவரை வெளிவந்திருந்த நிரலை எடுத்துத் தொண்டர்கள் தனியே வளர்த்ததே நாம் முன்னர்ச் சொன்ன ஜெல்லிஃபின். நிறுவனம் கதவை மூடியது. ஆனால் வெளியே வந்துவிட்ட ஏட்டை எவராலும் திரும்பப் பறிக்க இயலவில்லை.

இங்கு ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. விலையின்றிக் கிடைக்கும் எத்தனையோ செயலிகள் நம் செய்திகளையே விலையாகக் கொள்கின்றன. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்பதும் உண்டு. 'இதன் மூலத்தை நான் பார்க்கலாமா? நாளை இதை உருவாக்கியவர் கைவிட்டால் வேறொருவர் தொடரலாமா?' என்னும் இரு வினாக்களே உரைகல்.

விளையாட்டு: விலைக்கு வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா?

கணினி விளையாட்டு என்றதும் பெரியோர் முகம் சுளிப்பர். ஆயினும் உடைமை என்பது யாது என்னும் வினாவை இன்றைய இளைஞர்க்கு விளையாட்டைப் போல் எதுவும் கற்பித்ததில்லை.

2020 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் 'பப்ஜி மொபைல்' ஒன்று. தடையின் காரணங்கள் நாட்டுப் பாதுகாப்பைச் சார்ந்தவை. அவற்றை இங்கு ஆராயப் புகவில்லை. நாம் காண வேண்டுவது வேறொன்று. நம் வட்டார மாணவர் பலர் அவ்விளையாட்டிற்குள் உடைகளும் படைக்கலங்களும் பணம் கொடுத்துப் பெற்றிருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வழங்கிகள் நின்றபோது அவற்றை அவர்கள் கையாள வழியில்லாது போயிற்று. அதற்கு ஈடாக 2021-இல் வந்த 'பிஜிஎம்ஐ' விளையாட்டும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில் மீண்டது. பணம் கொடுத்துப் பெற்ற பொருள் பிறருடைய வழங்கி இயங்கும்வரைதான் உண்டு என்பதை இதைவிட நேராக யாரும் உணர்த்த இயலாது.

மேலை நாடுகளிலும் இதே வழக்கு எழுந்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி குரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச் 31-ஆம் நாள் நிறுத்தியது. தனியே விளையாடவும் இணைய இணைப்பு கட்டாயம் என்று அது அமைக்கப்பட்டிருந்தமையால், வட்டை விலைக்கு வாங்கியவர் கையில் எஞ்சியது வெறும் வட்டே. இதனை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் முறையீட்டில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. விற்பது வெறும் உரிமமே என்றால் அதனை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். ஒரு சொல்லின் பொருளைக் காக்க ஒரு சட்டமன்றம் முயன்றது சொல்லாராய்ச்சி செய்வோராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1993-இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டின் மூலநிரலை அதன் உரிமையாளர் 1997 டிசம்பரில் உலகிற்கு வெளியிட்டனர். முப்பதாண்டு கடந்தும் அது புதிய கருவிகளில் எல்லாம் இயங்குகிறது; அன்றைய கணினிகளே மறைந்தும் அது மறையவில்லை. விளையாட்டின் உள்ளடக்கத்தை நாம் பாராட்ட வரவில்லை. மூலம் திறந்திருந்தால் நூல் வாழும் என்பதற்கு அது சான்று.

நூலுக்கும் இந்நிலை வந்ததை மறத்தலாகாது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம் உரிமைச் சிக்கல் ஒன்றன் காரணமாக ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலின் ஒரு மின்பதிப்பை வாங்கியோர் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் நிறுவனத் தலைவர் வருத்தமும் தெரிவித்தார். எனினும், வீட்டு அலமாரியிலிருந்து நூலை எடுத்துச் செல்லும் கை ஒன்று உண்டு என்பது அன்று வெளிப்பட்டது.

செய்திகளை எடைபோடுதல்

தொழில்நுட்பச் செய்திகள் நாள்தோறும் மழையெனப் பொழிகின்றன. புதிய கைப்பேசியின் பளபளப்பு முதல் பக்கத்தில் வருகிறது. ஒரு சேவையின் விதி மாறியது எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. இல்ல வழங்கியை ஆள்வோர் இரண்டாவதையே முதலில் படிப்பர். அவ்வாறு படிக்கத்தக்க மூன்று செய்திகளை எடுத்துக் கொள்வோம்.

2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். எல்லோரும் ஒரே மென்பொருளைச் சார்ந்து நிற்பதன் கேடு இது. வயல் முழுவதும் ஒரே நெல்லை விதைத்தவன் ஒரே நோயில் அனைத்தையும் இழப்பான்.

அதே ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் மற்றொரு செய்தி வந்தது. 'எக்ஸ்இசட்' என்னும் சிறு கட்டற்ற மென்பொருளில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை பெற்றுப் பணியாற்றி, இறுதியில் கள்ளக் கதவு ஒன்றை அமைத்துவிட்டார். தம் கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதை உணர்ந்து ஐயுற்ற ஆந்திரஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். கட்டற்ற மென்பொருளிலும் வஞ்சகம் புகும் என்பது இதன் ஒரு பாடம். மூலம் திறந்திருந்தமையால் ஐயம் கொண்டவர் ஆராய முடிந்தது என்பது மறு பாடம். இரண்டையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

மூன்றாவது செய்தி நம் இல்லங்களை நேரே தொடுவது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்தது. புதிய பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் பல உள்ளன. அவற்றைக் குப்பைக்கு அனுப்ப வேண்டும் என்று செய்தித்தாள் சொல்லலாம். லினக்ஸ் ஏற்றினால் மேலும் சில ஆண்டுகள் பணியாற்றும் என்பதே நம் கருத்து. ஒருவர்க்குக் கழிவாவது மற்றொருவர்க்கு வழங்கி ஆகலாம்.

நம் ஏடுகளின் கதை

இதுவரை கூறியவை பிறர் கதை. இனி நம் கதைக்கு வருவோம்.

1990-களில் தமிழகக் கல்லூரிகள் வெளியிட்ட மலர்கள் பலவும் கணினியில் அச்சுக் கோக்கப்பட்டவை. அவற்றின் கோப்புகள் ஃபிளாப்பி வட்டுகளில் இருந்தன. அவ்வட்டுகள் இன்று கிடைத்தாலும் படிக்கும் கருவி அரிது. கருவி கிடைத்தாலும் பக்கங்களை வடிவமைத்த 'பேஜ்மேக்கர்' மென்பொருள் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது. அதனையும் தேடிப் பிடித்தால், எழுத்துருச் சிக்கல் எதிர்ப்படும். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கின. ஒருவர் எழுத்துருவில் 'அ' என்றிருப்பது மற்றொருவர் எழுத்துருவில் வேறெதுவாகவோ தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாடு இதனைச் சீர்செய்ய முயன்று விசைப்பலகையையும் குறியேற்றங்களையும் வரையறுத்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் தட்டச்சிட்ட பக்கங்களோ, எழுத்துரு தொலைந்தவிடத்துப் படிக்க இயலாத குறிகளாய்க் கிடக்கின்றன. முப்பதாண்டிற்கு முன் அச்சான மலரின் தாள் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் கணினிக் கோப்போ கிடைக்கவில்லை. புதியது பழையதினும் விரைவில் அழிந்த வியப்பு இது.

இக்கேட்டினின்று தமிழை மீட்கத் தம் வீட்டிலிருந்தே உழைத்தோர் சிலர். அவருள் அதிராம்பட்டினத்து உமர்தம்பி குறிப்பிடத்தக்கவர். மின்னணுத் துறையில் பணியாற்றிய அவர், ஒருங்குறி தமிழில் காலூன்றாத நாளிலேயே 'தேனீ' எழுத்துருவையும் ஒருங்குறித் தட்டச்சுக் கருவியையும் உருவாக்கி, விலையின்றி எல்லோர்க்கும் அளித்தார். 2006-இல் அவர் மறைந்தார். அவர் ஆக்கங்கள் பலர் கணினிகளில் பரவியிருந்தமையால் அவரோடு மறையவில்லை.

சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' மற்றொரு சான்று. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தத்தம் வீடுகளில் அமர்ந்து தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கினர். அந்நூல்கள் முதலில் தனி எழுத்துருவிலும், பின்னர் 'திஸ்கி' குறியேற்றத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் மாற்றி மாற்றி எழுதப்பட்டன. ஓலை நைந்தால் புதிய ஓலையில் படியெடுத்த நம் முன்னோர் முறையும் அதுவே. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவ்வாறே காத்து வருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மக்கள் நகலின் அருமையை நன்கு அறிவர்.

படியெடுக்கப்படாத நூலின் கதி என்ன? தமிழில் முஸ்லிம் புலவர் இயற்றியவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் பல்சந்தமாலை முழுவதும் கிடைக்கவில்லை. களவியற்காரிகை உரையில் மேற்கோளாக இடம்பெற்ற எட்டுப் பாடல்களே எஞ்சின. உரையாசிரியர் ஒருவர் தம் ஏட்டில் எடுத்தெழுதியதால் அவ்வெட்டும் பிழைத்தன. உமறுப் புலவரின் சீறாப்புராணமோ பலரிடம் ஏடுகளாய் இருந்தது, செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அதனை 1842-இல் அச்சிட்டுப் பதிப்பித்தார், இன்றளவும் வாழ்கிறது. ஒன்று மறைந்ததற்கும் மற்றொன்று வாழ்வதற்கும் புலமை மட்டும் காரணமன்று. படிகளின் எண்ணிக்கையும் காரணம்.

தடைகளும் விடைகளும்

வீட்டிலேயே வைத்திருப்பது மட்டும் காப்பாகுமா என்று கேட்கலாம். ஆகாது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் புறநகர்கள் பலவும் மின்சாரமும் இணையமும் இன்றித் தவித்தன. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் வழங்கியும் நனையும். வன்தட்டு என்றேனும் ஒருநாள் பழுதுபட்டே தீரும். ஆதலின் அறிந்தோர் ஒரு விதியைக் கைக்கொள்வர்: ஒவ்வொரு கோப்பிற்கும் மூன்று படிகள், அவை இருவேறு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். வேலப்பன்சாவடி வீட்டிலுள்ள நம் கோப்புகளின் மூன்றாம் படி, திருச்சியில் உறவினர் இல்லத்தில் உள்ள வன்தட்டில் இருக்கிறது. ஆறு திங்களுக்கு ஒருமுறை குடும்ப நிகழ்ச்சிக்குச் செல்லும்போது அதனைப் புதுப்பிக்கிறோம். இணையமே வேண்டாத காப்பு இது.

வெளியூரிலிருந்து வீட்டு வழங்கியை அடைய இயலுமா என்பது அடுத்த வினா. இணைய நிறுவனங்கள் பல, ஒரே முகவரியைப் பல இல்லங்களுக்குப் பகிர்ந்து தருவதால் இது எளிதன்று. தனிவழி இணைப்பு மென்பொருள்கள் இதற்குத் துணைபுரியும். ஆயினும் தொடக்கத்தில் வழங்கியை வீட்டு எல்லைக்குள் மட்டும் வைத்திருப்பதே நன்று. வெளியுலகிற்குத் திறந்த கதவை நாள்தோறும் காக்க வேண்டும்; பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்ற வேண்டும்; கடவுச்சொல் வலுவாக இருக்க வேண்டும்.

எல்லோர்க்கும் இது இயலுமா என்பது மூன்றாம் வினா. இயலாது, இயல வேண்டுவதுமில்லை. தெருவிற்கு ஒரு கிணறு போதும். குடும்பத்தில் ஒருவர், துறைக்கு ஒருவர், ஊர் நூலகத்திற்கு ஒருவர் கற்றுக் கொண்டால் போதும். மேகச் சேவைகளை முற்றும் துறக்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. வகுப்பறைக் குறிப்பை அனுப்பவும், ஊருக்குப் பேசவும், வழி கேட்கவும் அவை பயன்படட்டும். பயணத்திற்குச் சாவடி வேண்டும். அதில் பத்திரத்தை வைக்க வேண்டாம்.

நிறைவுரை

இவ்வாறு நோக்குங்கால், இல்ல வழங்கி என்பது கருவிப் பித்தர் சிலரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் மாறும். தம்முடையதைத் தாமே காத்தலும், காத்ததைப் படியெடுத்துப் பகிர்தலும் ஏடு காத்த நம் மரபின் தொடர்ச்சியே ஆகும்.

இதனை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு தமிழ்த்துறையால் இயலும். பழைய மடிக்கணினி ஒன்று, வன்தட்டு இரண்டு, பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர், ஆர்வமுள்ள மாணவர் மூவர் ஆகியோர் போதும். முதலாண்டில் துறை மலர்கள் அனைத்தையும் ஒளிவருடி, ஒருங்குறியில் தட்டச்சிடலாம். அடுத்த ஆண்டில் மாணவர் தம் ஊர்களிலுள்ள முதியோரின் தாலாட்டையும், திருமணப் பாடலையும், வட்டார வழக்கையும் பதிவு செய்து, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு அடுக்கலாம். ஒவ்வொரு கல்வியாண்டின் இறுதியிலும் ஒரு படியை நூலகத்திலும், ஒரு படியை வேற்றூரிலுள்ள மற்றொரு கல்லூரியின் தமிழ்த்துறையிலும் ஒப்படைக்கலாம்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வுக்கெனப் பதிவு செய்த ஒலிகள் கைப்பேசியிலும் இலவசக் கணக்கிலும் மட்டும் இருந்தால், இவ்வாரமே வேறொரு படி எடுத்து வைத்திடுக. பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பரணில் ஓலைச்சுவடியோ, பழைய நூலோ, ஒலிநாடாவோ இருப்பின், துறைக்குச் சொல்லியனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். படியெடுத்துக் கொள்ள ஒப்புதல் மட்டும் தாருங்கள்.

ஒலிநாடாக்களின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்கிறது. அவற்றில் பாடியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. இப்பணியை அடுத்த மலர் வரும்வரை தள்ளிப் போட இயலாது.